ஸ்பெயினில் வீடு, சம்பளம் வேறு நாணயத்தில்: கடனை எங்கே வாங்குவது?

தூரதேசி:

அனைவருக்கும் வணக்கம். ஸ்பெயினின் தெற்குக் கரையில், அந்தலூசியா மாநிலத்தில், 3 லட்சம் யூரோ விலை சொல்லப்படும் பழைய அடுக்ககக் குடியிருப்பு ஒன்றை நானும் என் மனைவியும் பார்த்து வைத்திருக்கிறோம். நாங்கள் அந்நாட்டில் வசிப்பவர்கள் அல்லர். எங்கள் சம்பளம் யூரோவில் வருவதும் இல்லை. அங்குள்ள ஒரு வங்கி, நாட்டில் வசிக்காதவர்களுக்கும் 70 சதவீதம் வரை 20 ஆண்டு அடமானக் கடன் தருவதாகச் சொல்கிறது. ஆகவே 2,10,000 யூரோ கடன், 90,000 யூரோ கைப்பணம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். அந்த 90,000 இருக்கிறது. அதற்கு மேலும் 25,000 இருக்கிறது.

முகவர் இரண்டு வாரத்துக்குள் 10 சதவீதம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதச் சொல்கிறார். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கடன் ஏறத்தாழ முடிந்துவிட்டதால், அதன்மீது கடன் வாங்கி அங்கே முழுப் பணமாகக் கொடுத்துவிடலாம் என்று ஓர் உறவினர் சொல்கிறார். அங்கே கடன் வாங்குவது நல்லதா, இங்கே வாங்குவதா? இந்த வழியில் போனவர்கள் எங்கே இடறினீர்கள் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை:

நண்பர் தூரதேசிக்கு. உங்கள் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. எதன்மீது 70 சதவீதம் என்பதில்தான் பிழை இருக்கிறது. பேசி முடித்த விலை, மதிப்பீட்டாளர் எழுதித் தரும் மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ, அதன்மீதே வங்கி சதவீதம் போடும். கடற்கரை ஊர்களில் வெளிநாட்டவருக்குச் சொல்லப்படும் விலையும் மதிப்பீட்டாளர் எழுதும் மதிப்பும் ஒன்றாக இருக்கும் என்று நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். மதிப்பு 2,70,000 என்று வந்தால் கடன் 1,89,000 ஆகிவிடும்; விலையில் மீதி 1,11,000 உங்கள் கையிலிருந்து போக வேண்டும்.

இத்துடன் வாங்கும் செலவைச் சேருங்கள். பழைய வீட்டுக்குச் சொத்து மாற்று வரி உண்டு. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அந்தலூசியாவில் 7 சதவீதம், மத்ரித்தில் 6, கத்தலோனியாவில் 10 சதவீதத்தில் தொடங்குகிறது. நோட்டரி, பதிவாளர், வழக்கறிஞர், மொழிபெயர்ப்பு, மதிப்பீடு எல்லாம் சேர்ந்தால் உங்களுக்கு 9 முதல் 10 சதவீதம் வரை ஆகும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற அளவுக்குப் போகாவிட்டாலும், 3 லட்சத்துக்கு 30,000 என்பது சிறிய சுமைகூலி அன்று. ஆக 1,41,000 யூரோ ரொக்கம் வேண்டும். உங்களிடம் இருப்பது 1,15,000. இந்த 26,000 குறைகிறது என்பது முன்பணம் கொடுத்த பிறகு தெரிய வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஸ்பெயினில் ஒரு வசதி உண்டு. மதிப்பீட்டை அந்நாட்டு மத்திய வங்கியின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் எதுவாயினும் செய்யலாம். நீங்களே முன்கூட்டிச் செய்து கொண்டுபோனால் வங்கி அதை ஏற்க வேண்டும். சில நூறு யூரோ செலவுதான். ஒப்பந்தம் எழுதுமுன் அதைச் செய்துவிடுங்கள். 2019ஆம் ஆண்டின் அடமானக் கடன் சட்டத்துக்குப் பிறகு, கடன் பத்திரத்துக்கான நோட்டரி, பதிவு, முத்திரை வரிச் செலவுகளை வங்கிதான் ஏற்கிறது என்பது ஓர் ஆறுதல். ஆனால் கிரயப் பத்திரத்தின் செலவு உங்களுடையதுதான்.

தூரதேசி:

நன்றி ஐயா. 25,000 உபரி என்று நினைத்திருந்தேன். அது பற்றாக்குறையாக மாறிவிட்டது. வரியையும் கட்டணங்களையும் சேர்த்து வங்கியே கடனாகத் தராதா?

கணக்குப்பிள்ளை:

தராது. வசிக்காதவருக்கு 60 முதல் 70 சதவீதம் என்று வங்கிகள் வரம்பு வைப்பதே, வாங்குபவர் தம் பணத்தைக் கணிசமாகப் போட்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தான். வேறு நாடுகளிலும் இதே கதைதான். சில இடங்களில் இன்னும் கடுமை. சிங்கப்பூரில் வெளிநாட்டவர் குடியிருப்பு வாங்கினால் செலுத்த வேண்டிய கூடுதல் முத்திரைத் தீர்வை 2023 ஏப்ரல் 27 முதல் 60 சதவீதம். அதை ஆவணம் கையெழுத்தான 14 நாளுக்குள் கட்ட வேண்டும். அங்கே கடன் விகிதம் எவ்வளவு என்று விசாரிப்பதில் பொருளே இல்லை. வரிக்கான ரொக்கம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இங்கிலாந்தில் வசிக்காதவருக்கு 2021 ஏப்ரல் முதல் 2 சதவீதம் கூடுதல். எந்த நாடானாலும், கடன் தொகையை விசாரிக்கும் முன் கடனில் சேராத செலவுகளை ஒரு தாளில் எழுதிவிட வேண்டும்.

அலைகடல்:

முன்பணத்தைப் பற்றி யாரும் இன்னும் அழுத்திச் சொல்லவில்லை. ஸ்பெயினில் இதற்கு அர்ராஸ் ஒப்பந்தம் என்று பெயர். அந்நாட்டு உரிமையியல் சட்டத்தின் 1454ஆம் பிரிவுப்படி எழுதப்பட்டால், வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் போகும். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வங்கி கடன் மறுத்ததால் வாங்க முடியாமல் போவதும் வாங்குபவர் பின்வாங்குவதாகவே கொள்ளப்படும், அதற்கு மாறாக ஒரு நிபந்தனையை நீங்கள் எழுதி வாங்கியிருந்தாலொழிய.

பிரான்சில் நிலைமை வேறு. கடன் வாங்கித்தான் வாங்கப்போகிறேன் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், கடன் கிடைக்காதபோது முன்பணம் திரும்பக் கிடைக்கச் சட்டமே வழி செய்கிறது. அந்தக் காலக்கெடு ஒரு மாதத்துக்குக் குறையக் கூடாது. வங்கியின் கடன் முன்மொழிவு வந்த பிறகும் பத்து நாள் கழித்துத்தான் வாங்குபவர் அதை ஏற்கவே முடியும். பிரான்சில் வாங்கிய நண்பரின் அனுபவத்தைக் கேட்டுவிட்டு ஸ்பெயினில் அதே பாதுகாப்பு இருக்கும் என்று நான் நம்பினேன். வங்கியின் கிளை அலுவலர் "கடன் கிடைத்துவிடும்" என்று வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு, நிபந்தனை இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். ஏழு வாரம் கழித்து, தலைமை அலுவலகத்தின் இடர் மதிப்பீட்டுப் பிரிவு என் வருமானத்தைத் தன் முறைப்படி வெட்டிப் பார்த்து மறுத்துவிட்டது. விற்பவர் நல்லவராக இருந்ததால் முன்பணத்தில் பாதியைத் தந்தார். தர வேண்டிய கடமை அவருக்கு இருக்கவில்லை.

இதே துயரம் பெரிய அளவில் ஆஸ்திரேலியாவில் நடந்தது. கட்டி முடியாத அடுக்ககங்களுக்கு 10 சதவீதம் கொடுத்துப் பதிந்துகொண்டு, கட்டி முடிந்ததும் கடன் வாங்கலாம் என்றிருந்த வெளிநாட்டவர்கள் ஏராளம். 2016இல் அந்நாட்டுப் பெரிய வங்கிகள் வெளிநாட்டு வருமானத்தை நம்பிக் கடன் கொடுப்பதை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியபோது, சாவி வாங்கும் நாளில் பணமில்லாமல் நின்றார்கள். ஒப்பந்தம் எழுதும் நாளில் இருக்கும் கடன் கொள்கை பணம் கட்டும் நாளிலும் இருக்கும் என்று எந்த வங்கியும் எழுதித் தருவதில்லை.

ஆகவே இரண்டு வாரக் கெடுவை ஏற்காதீர்கள். கடன் எழுத்துப்பூர்வமாக மறுக்கப்பட்டாலோ, மதிப்பீடு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே வந்தாலோ முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். முகவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இருநாணயம்:

நீங்கள் கேட்டது கடனை எங்கே வாங்குவது என்பதைத்தான். நான் அதற்கு வருகிறேன். முதலில் மாதத் தவணையைப் பார்ப்போம். 1,89,000 யூரோ, 20 ஆண்டு, 4 சதவீத நிலையான வட்டி என்றால் தவணை ஏறத்தாழ 1,145 யூரோ. இதில் ஐயமே இல்லை. யூரோவில் சம்பளம் வாங்குபவருக்கு 240 மாதமும் அதே தொகைதான். உங்களுக்கு அப்படி அல்ல. உங்கள் நாணயம் யூரோவுக்கு எதிராக 10 சதவீதம் இறங்கினால் உங்கள் கைக்கு வலிக்கும் தவணை 11 சதவீதம் கூடும். 20 சதவீதம் இறங்கினால் 25 சதவீதம் கூடும். பாதியாக இறங்கினால் இரட்டிப்பாகும். தவணை மட்டுமல்ல, மீதமுள்ள அசலும் அதே அளவு வீங்கும். ஐந்து ஆண்டு ஒழுங்காகக் கட்டிவிட்டு, தொடங்கியபோது இருந்ததைவிடக் கூடுதலாகத் தம் நாணயத்தில் கடன்பட்டிருப்பவர்கள் உண்டு.

வருமானம் ஒரு நாணயம், கடன் வேறு நாணயம் என்பதன் விளைவை ஐரோப்பா ஒருமுறை கசக்கக் கசக்க அனுபவித்தது. போலந்து, ஹங்கேரி, குரோவேஷியா, ஆஸ்திரியா முதலிய நாடுகளில் உள்ளூர் மக்களே, சொந்த ஊர் வீட்டுக்கே, சுவிஸ் ஃபிராங்கில் கடன் வாங்கினார்கள். காரணம் வட்டி குறைவு என்பது மட்டுமே. ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்குக்குக் கீழே விடமாட்டோம் என்று 2011 செப்டம்பர் முதல் காத்துவந்த சுவிஸ் தேசிய வங்கி, 2015 ஜனவரி 15 அன்று அந்தக் காவலை முன்னறிவிப்பின்றி விலக்கியது. அன்றே ஃபிராங்க் யூரோவுக்கு ஏறத்தாழச் சமமாக ஏறியது. ஹங்கேரி அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, 2014 நவம்பரில், இந்தக் கடன்களை உள்நாட்டு நாணயத்துக்கு மாற்றச் சட்டம் செய்திருந்ததால் தப்பித்தது. போலந்தில் அது வழக்குகளாகப் பெருகி, ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2019 அக்டோபரில் கடனாளிகளுக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பு வந்தது.

இத்தகைய கடன்களின் இடரைப் பார்த்துத்தான், அந்த 2015 அதிர்ச்சிக்கு முன்பே, ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் அடமானக் கடன் நெறிமுறையைக் கொண்டுவந்தது. அதில் அந்நியச் செலாவணிக் கடன் என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தைக் கவனியுங்கள்: கடன் வாங்குபவர் தம் வருமானத்தைப் பெறும் நாணயத்தில் இல்லாத கடன். அதாவது ஸ்பெயின் வங்கி, ஸ்பெயின் வீட்டுக்கு, யூரோவில் கொடுக்கும் கடன்கூட உங்களைப் பொறுத்தவரை அந்நியச் செலாவணிக் கடன்தான். நாணயத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை, அல்லது செலாவணி இழப்புக்கு வரம்பு கட்டும் வேறு ஏற்பாடு உங்களுக்குத் தரப்பட வேண்டும். மாற்று விகிதம் 20 சதவீதத்துக்கு மேல் அசைந்தால் வங்கி எச்சரிக்க வேண்டும். ஸ்பெயினின் 2019 சட்டம் நாணயத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் ஒரு பாதுகாப்பு வங்கிக்குச் சுமையாகும்போது வங்கி என்ன செய்யும்? அந்த நாணயத்தில் சம்பளம் வாங்குபவரையே தவிர்க்கும், அல்லது அவர் வருமானத்தில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டே கணக்கில் எடுக்கும். அலைகடல் அவர்களுக்கு ஏழாவது வாரத்தில் நேர்ந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் வங்கியிடம் முதல் நாளே கேளுங்கள்: என் நாணயத்தில் வரும் வருமானத்தை எத்தனை சதவீதம் குறைத்து எடுப்பீர்கள்?

செந்தூரம்:

மேலே சொன்னவை எல்லாம் உண்மையானால், முடிவு எளிதாயிற்றே. உறவினர் சொன்னதுதான் சரி. சம்பளம் எந்த நாணயத்தில் வருகிறதோ அதே நாணயத்தில், குடியிருக்கும் வீட்டின்மீது கடன் வாங்குங்கள். வெளிநாட்டு மதிப்பீடு, ஆவண மொழிபெயர்ப்பு, தலைமை அலுவலகத்தின் வெட்டு, இவை எதுவும் வேண்டாம். ரொக்கத்தோடு வருபவருக்கு விற்பவர் விலையையும் குறைப்பார். நான் இப்படித்தான் போர்ச்சுகலில் வாங்கினேன். மூன்று வாரத்தில் முடிந்தது.

இருநாணயம்:

செந்தூரம் அவர்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். கடனும் வருமானமும் ஒரே நாணயத்தில் இருக்கும், உறக்கம் கெடாது. ஆனால் மூன்று இடங்களில் நிதானிக்க வேண்டும்.

ஒன்று, உள்நாட்டுக் கடனின் வட்டி பெரும்பாலும் யூரோ வட்டியைவிடக் கூடுதலாக இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கண்டு பலர் யூரோக் கடனை மலிவு என்கிறார்கள்; அது மலிவு அல்ல, நாணயம் இறங்கும் இடரை நீங்கள் சுமப்பதற்காக உங்களுக்குத் தரப்படும் கூலி. கூலி போதுமா என்பது இருபது ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

இரண்டு, முழுத் தொகையையும் ஒரே நாளின் விகிதத்தில் மாற்ற வேண்டியிருக்கும். விலை பேசிய நாளுக்கும் பணம் போகும் நாளுக்கும் இடையே இரண்டு மூன்று மாதம் இருந்தால், பின்னால் பணம் மாற்றும் விகிதத்தை இன்றே பேசி முடிக்கும் முன்பேர ஒப்பந்தத்தின் வழியாக அதை நிர்ணயித்துக்கொள்ளலாம். ஆனால் கிரயம் நடக்காமல் போனால், அந்த ஒப்பந்தத்தைக் கலைக்கும் செலவும் உங்கள்மீது விழும். முன்பணம் திரும்பும் நிபந்தனை எழுதிவிட்டு முன்பேரத்தையும் முழுத் தொகைக்கு எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். தவணை தவறினால் போவது கடற்கரை வீடு அல்ல, நீங்கள் குடியிருக்கும் வீடு. பிள்ளைகள் உறங்கும் கூரையை, விடுமுறைக்குப் போகும் கூரைக்காகப் பணயம் வைப்பதை நான் யாருக்கும் எளிதாகச் சொல்லமாட்டேன்.

செந்தூரம்:

அப்படியானால் ஸ்பெயினில் கடன் வாங்கினால் மட்டும் சொந்த வீடு பாதுகாப்பாக இருக்குமா? முடியாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறீர்களா?

இருநாணயம்:

நல்ல கேள்வி. சாவியைக் கொடுத்துவிட்டு வர முடியாது. ஸ்பெயின் உரிமையியல் சட்டத்தின் 1911ஆம் பிரிவுப்படி கடனாளி தம் இன்றைய, நாளைய உடைமைகள் அனைத்தையும் கொண்டு கடனுக்குப் பொறுப்பு. வீட்டை ஏலம் விட்ட பிறகும் மீதி நின்றால் அது உங்கள் கடனே. வீட்டோடு கடன் முடிந்துபோகும் ஏற்பாடு அங்கே தனியாக எழுதினால்தான் உண்டு. கலிஃபோர்னியாவில் குடியிருக்க வாங்கிய வீட்டின் கொள்முதல் கடனுக்கு அத்தகைய பாதுகாப்பு இருப்பதைப் படித்துவிட்டு, எல்லா நாட்டிலும் அப்படித்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். இருந்தாலும், எல்லை தாண்டி வந்து மீதியை வசூலிப்பதும், அடமானப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பதும் ஒன்றல்லவே.

பத்திரம்:

தாமதமாக வருகிறேன். நான் ஆவண வேலை பார்ப்பவள். பணம் எவ்வளவு என்பதைவிடப் பணம் எந்த வழியில் வருகிறது என்பதில்தான் எங்களுக்குத் தலைவலி. தாய்லாந்தில் ஓர் அடுக்ககத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் சொந்தமாக வைத்திருக்கலாம். ஆனால் பொதுவாக அந்தப் பணம் வெளிநாட்டு நாணயமாகவே உள்ளே வந்தது என்பதற்கு வங்கிச் சான்று காட்டினால்தான் நிலப் பதிவு அலுவலகம் உரிமையை மாற்றும். நல்ல விகிதம் கிடைக்கிறதென்று வெளியிலேயே தாய் நாணயமாக மாற்றி அனுப்பியவர்கள் பதிவு நாளில் தடுமாறியிருக்கிறார்கள். மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் குடியிருப்பு நிலத்தை வெளிநாட்டவர் நேரடியாகக் கொள்ள முடியாது. ஒரு வங்கி 50 ஆண்டு அறக்கட்டளையாக அதைத் தன் பெயரில் வைத்திருக்கும். வீடு வங்கியின் பெயரில் இருக்கும்போது அதை எதை வைத்து அடமானம் கேட்பது என்பதைக் கடன் தருபவரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

வாங்கவே முடியாத இடங்களும் உண்டு. நியூசிலாந்து 2018இலும் கனடா 2023 ஜனவரியிலும் பெரும்பாலான வெளிநாட்டவருக்குக் கதவைச் சாத்தின. ஆஸ்திரேலியா ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கு 2025 ஏப்ரல் முதல் இரண்டு ஆண்டுத் தடை போட்டது. ஸ்பெயின் அப்படிச் செய்யவில்லை. ஆனால் வீடு வாங்கினால் வசிப்பிட உரிமை கிடைக்கும் என்ற பேச்சு இனி செல்லாது; 5 லட்சம் யூரோவைக் கடனில்லாமல் போடுபவருக்கு இருந்த அந்த வழி 2025 ஏப்ரல் 3 அன்று மூடப்பட்டது. முகவர்களின் கையேடுகளில் அது இன்னும் இருக்கிறது.

தூரதேசி அவர்கள் உடனே தொடங்க வேண்டியவை: வெளிநாட்டவருக்கான என்.ஐ.இ. என்ற அடையாள எண்ணுக்கு இருவரும் விண்ணப்பிப்பது. பதிவேட்டிலிருந்து நோட்டா சிம்ப்ளே என்ற சுருக்கத்தை எடுத்து, விற்பவர் பெயரும் பழைய அடமானமும் வேறு வில்லங்கமும் உண்டா என்று பார்ப்பது. பணத்தின் மூலத்தைக் காட்டும் ஆவணங்களை ஒழுங்குபடுத்துவது. சம்பளச் சீட்டும் வரி அறிக்கையும் மட்டும் போதாது. மாமனார் கொடுத்த அன்பளிப்பானாலும், நகை விற்ற பணமானாலும், அது எங்கிருந்து எந்த நாளில் உங்கள் கணக்குக்கு வந்தது என்று தாள் வேண்டும். பணத்தைக் கடைசி வாரத்தில் பல கணக்குகளிலிருந்து ஒன்றுதிரட்டாதீர்கள். ஒரே கணக்கில் சில மாதம் கிடக்கட்டும். திருமணச் சான்று போன்றவற்றுக்கு, உங்கள் நாடு 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்திருந்தால், ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் முத்திரையும் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரின் பெயர்ப்பும் தேவைப்படும்.

இன்னொன்று. குடியிருக்கும் வீட்டின்மீது கடன் வாங்கி அதைக் கைப்பணமாகக் காட்ட நினைத்தால் ஸ்பெயின் வங்கியிடம் மறைக்காதீர்கள். எல்லாக் கடன்களின் தவணைகளும் சேர்ந்து நிகர வருமானத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதே பெரும்பாலான வங்கிகளின் அளவு; உங்கள் நாட்டுக் கடன் அறிக்கையையும் அவர்கள் கேட்பார்கள்.

வாடகைக்காரன்:

வாடகை வருமானம் யூரோவில் வருமே, அது நாணய இடரை ஈடுகட்டாதா என்று யாராவது கேட்பார்கள். நானே கேட்டேன், வாங்கினேன். ஓரளவு ஈடுகட்டும். ஆனால் இனி வரப்போகும் விடுமுறை வாடகையை வங்கி வருமானமாக எடுப்பது அரிது. மேலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவரிடம் ஸ்பெயின் மொத்த வாடகையின்மீதே 24 சதவீத வரி வாங்கி வந்திருக்கிறது. ஒன்றியத்துக்குள் வசிப்பவருக்கு 19 சதவீதம், அவர் கடன் வட்டியையும் செலவையும் கழித்துக்கொள்ளலாம். கடன் வாங்கி வாடகைக்கு விடுபவருக்கு இந்த வேறுபாடு சதவீதப் புள்ளிகளில் தெரிவதைவிடப் பெரியது. 1,000 யூரோ வாடகையில் 600 வட்டிக்குப் போனாலும் வரி 240 தான்.

கட்டுநரே தரும் தவணைத் திட்டத்தையும் சிலர் கடனுக்கு மாற்றாகச் சொல்கிறார்கள், துபாயில் அது மிகப் பரவலானது. 2007இல் வந்த சட்டப்படி வாங்குபவர் பணம் அத்திட்டத்துக்கான காப்புக் கணக்கில்தான் போக வேண்டும், அது நல்லது. ஆனால் கட்டி முடிந்ததும் மீதியை வங்கிக் கடனாக்கலாம் என்று நினைப்பவர், அங்குள்ள மத்திய வங்கி வரம்புகளைப் பார்க்க வேண்டும்: வெளிநாட்டவரின் முதல் வீட்டுக்கு, 50 லட்சம் திர்ஹம் வரை, 80 சதவீதம், கட்டி முடியாத வீட்டுக்கு 50 சதவீதம் மட்டுமே. தவணைத் திட்டம் கடன் தகுதியை உங்களுக்குத் தருவதில்லை, அந்தக் கேள்வியைத் தள்ளிப்போடுகிறது.

தூரதேசி:

எல்லோருக்கும் நன்றி. வங்கி இரண்டு வகை சொல்கிறது: நிலையான வட்டி, அல்லது யூரிபோருடன் (ஐரோப்பிய வங்கிகள் தமக்குள் யூரோவில் கடன் கொடுக்கும் வட்டி விகிதம்) 1 சதவீதம் சேர்த்து மாறும் வட்டி. மாறும் வட்டி இப்போது குறைவாகத் தெரிகிறது. எதை எடுப்பது?

இருநாணயம்:

பன்னிரண்டு மாத யூரிபோர் 2016 தொடக்கத்திலிருந்து 2022 ஏப்ரல் வரை பூஜ்யத்துக்கும் கீழே இருந்தது. 2023 அக்டோபரில் 4 சதவீதத்தைத் தாண்டி நின்றது. 1,89,000 யூரோ, 20 ஆண்டு, 1 சதவீதம் கூடுதல் என்று வைத்தால், யூரிபோர் மைனஸ் 0.5 ஆக இருந்தபோது தவணை 828, அது 4.16 ஆனபோது புதிதாக வாங்குபவருக்கு 1,264. ஏற்கெனவே நாணய இடரைச் சுமப்பவர் வட்டி இடரையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டும் ஒரே ஆண்டில் உங்களுக்கு எதிராகத் திரும்புவது நடக்காத காரியம் அல்ல. நிலையான வட்டிக்குக் கொடுக்கும் விலை, முன்கூட்டி அடைக்கும்போது தெரியும்: ஸ்பெயினின் 2019 சட்டப்படி முதல் பத்து ஆண்டில் அதிகபட்சம் 2 சதவீதமும் பிறகு 1.5 சதவீதமும் இழப்பீடாக வாங்கலாம். மாறும் வட்டியில் அது கால் சதவீதத்தைத் தாண்டாது.

கணக்குப்பிள்ளை:

நான் இதில் சற்று வேறுபடுகிறேன். ஐந்து ஆண்டுக்குள் பெரிய தொகை வருவது உறுதி, அதை வைத்து அடைத்துவிடுவேன் என்பவருக்கு மாறும் வட்டி பொருந்தும். தூரதேசி அப்படி எதுவும் சொல்லவில்லை.

கரையேறியவள்:

வாங்கும்போதே விற்கும் நாளையும் பார்த்துவிடுங்கள். ஸ்பெயினில் வசிக்காதவர் விற்றால், வாங்குபவர் விலையில் 3 சதவீதத்தைப் பிடித்து வரித்துறையிடம் கட்டிவிடுவார். பிறகு கணக்குக் காட்டி மீதியைக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் இது 15 சதவீதம், அதுவும் லாபத்தின்மீது அல்ல, மொத்த விலையின்மீது. நான் அங்கே 4 லட்சம் டாலருக்கு விற்றபோது வங்கிக்கு 3 லட்சம் பாக்கி இருந்தது. மீதி ஒரு லட்சத்தில் 60,000 பிடித்தம் போய்விட்டது. கிடைத்த 40,000இல் முகவர் தரகையும் கொடுத்தேன். வரி அறிக்கை கொடுத்த பிறகு பெரும்பகுதி திரும்பி வந்தது, ஆனால் அந்தப் பணத்தை நம்பி வேறொரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தேன். கடன் விகிதம் கூடக் கூட இந்தப் பிடித்தம் கடிக்கும் ஆழமும் கூடும்.

மரணத்தைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிக்காது. இருந்தாலும், கடன் இருவர் பெயரிலா ஒருவர் பெயரிலா, ஆயுள் காப்பீடு எந்த நாணயத்தில், என்பதைத் தீர்மானித்துவிடுங்கள். உங்கள் நாணயத்தில் எடுத்த காப்பீடு யூரோக் கடனைப் பத்து ஆண்டு கழித்து முழுவதும் அடைக்குமா என்பது, இருநாணயம் சொன்ன அதே கணக்குதான்.

தூரதேசி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு வாரக் கெடுவை மறுத்தோம்; வேறொருவர் வந்து கொத்திக்கொண்டு போய்விடுவார் என்று முகவர் இரண்டு முறை பயமுறுத்தினார், யாரும் வரவில்லை. மதிப்பீட்டை நாங்களே செய்தோம்: 2,78,000. அதைக் காட்டிப் பேசி விலையை 2,85,000க்கு இறக்கினோம். வங்கி எங்கள் வருமானத்தைக் குறைத்து எடுத்துக்கொண்டு, 70 அல்ல, மதிப்பில் 60 சதவீதம், அதாவது 1,66,800 தர எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 20 ஆண்டு நிலையான வட்டியில் தவணை ஏறத்தாழ 1,010 யூரோ வரும். விலையில் மீதி 1,18,200, செலவு 26,000. கையில் இருப்பது போக 29,200 குறைகிறது. அதை மட்டும் குடியிருக்கும் வீட்டின்மீது எடுக்கிறோம், வங்கியிடம் சொல்லிவிட்டுத்தான். செந்தூரம் சொன்னதில் ஒரு துண்டு, இருநாணயம் சொன்னதில் ஒரு துண்டு என்று ஆகிவிட்டது. அர்ராஸ் ஒப்பந்தத்தில் கடன் நிபந்தனையை விற்பவர் ஏற்றார். கிரயத்துக்கு 90 நாள் எழுதியிருக்கிறோம்.

ஒரே ஓர் ஐயம். என்.ஐ.இ. எண் வரத் தாமதமானால் மதிப்பீட்டை மறுபடி செய்ய வேண்டியிருக்குமா?

பத்திரம்:

அங்கே மதிப்பீட்டு அறிக்கை ஆறு மாதம் செல்லும். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் காலாவதி நாள் அச்சிட்டிருக்கும், பாருங்கள். கிரயத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பாக வங்கி கடன் ஆவணங்களை உங்களிடம் தந்தாக வேண்டும், அதற்கிடையில் நோட்டரியிடம் ஒருமுறை கட்டணமின்றி விளக்கம் கேட்கும் அமர்வும் கட்டாயம். இருவரும் வர முடியாவிட்டால் அதிகாரப் பத்திரத்தை இப்போதே எழுதத் தொடங்குங்கள். 90 நாளில் 35 போய்விட்டதா, இல்லை ஒப்பந்த நாளிலிருந்து எண்ண வேண்டுமா?

தூரதேசி:

ஒப்பந்தம் போன வெள்ளிக்கிழமைதான். 86 நாள் இருக்கிறது.